முப்பது வருஷமாக மற்றவர் குரலில்

கோவில்பட்டியில் நான் வளர்ந்த தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவார்கள். ஃபேக்டரி, கம்பெனி என்றெல்லாம் எங்கள் பக்கம் சொல்வதில்லை, ஆபீஸ்தான். என் அம்மா அங்கே கட்டை அடுக்கினாள், அதாவது மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை மரச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே அங்கே போய்விடுவேன். நீளமான ஓட்டுக் கொட்டகை. தரையில் வரிசையாக முப்பது நாற்பது பெண்கள். ஆளுக்கொரு கட்டை, பக்கத்தில் குச்சிக் குவியல். ஒரு கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். நிமிர்ந்தால் காசு போச்சு. அவர்களுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்த ரேடியோ. திருநெல்வேலி வானொலி, இலங்கை வானொலி, நடுவில் டெல்லிச் செய்தி.

1987-ல் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் ரேடியோ நின்றுவிட்டது. எனக்குப் பதினொரு வயது. என்ன தோன்றியதோ, மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு, "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று ஆரம்பித்துவிட்டேன். பிரதமர் பேச்சு, மழை நிலவரம் எல்லாம் சொல்லி, கடைசியில் கணக்கப்பிள்ளை இந்த வாரம் எல்லோருக்கும் இரட்டைக் கூலி கொடுக்கப்போவதாக ஒரு செய்தியைச் சேர்த்தேன். கொட்டகையே சிரித்தது. ஆனால் ஒரு தலைகூட நிமிரவில்லை. கை பாட்டுக்குக் குச்சியை அடுக்கிக்கொண்டே இருக்கிறது, தோள் மட்டும் குலுங்குகிறது. அந்தக் காட்சி இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது.

மிமிக்ரி கற்றுக்கொள்ள வரும் தம்பி, தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். என்னுடைய முதல் ரசிகர்கள் என் முகத்தைப் பார்க்காதவர்கள். ரஜினி மாதிரி முடியைக் கோதியோ, நம்பியார் மாதிரி கையைப் பிசைந்தோ அவர்களை ஏமாற்ற முடியாது. எல்லாம் காது வழியாகத்தான் போக வேண்டும். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்த பாடம் கட்டபொம்மன் வசனத்தில். எங்கள் ஊரிலிருந்து கயத்தாறு பக்கம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அந்த இடத்தில் 1970-ல் சிவாஜி தன் சொந்தச் செலவில் சிலை வைத்தார். அந்த வசனத்தைப் பேசாத பையன் எங்கள் பக்கத்தில் கிடையாது. கோயில் கொடைத் திருவிழாவில் ரேடியோ செட் கட்டினால் குழாய் ஸ்பீக்கரில் கதை வசனம் ஓடும், அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம். பத்தாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நானும் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. மறுநாள் தொண்டை கட்டி, தண்ணீர்கூட இறங்கவில்லை.

எங்கள் தெருவில் பழைய நாடக நடிகர் ஒருவர் இருந்தார். இசை நாடகங்களில் ராஜபார்ட் கட்டியவர். அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே, நீ சிவாஜி கொரலப் பிடிக்கப் பாக்க. அது உனக்கு வராது, உன் தொண்டை வேற. அவரு எங்க மூச்சு வாங்குதாருன்னு பாரு. அதப் பிடி."

அப்போது பாதிதான் புரிந்தது. முழுதாகப் புரிய ஏழெட்டு வருஷம் ஆனது. குரல் என்பது தொண்டையின் அமைப்பு. அது பிறப்பில் வருவது, மாற்ற முடியாது. ஆனால் ஒருவர் எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு இழுக்கிறார், எவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு வாக்கியத்தை முடிக்கிறார், கடைசி எழுத்தை வைக்கிறாரா விழுங்குகிறாரா என்பதெல்லாம் பழக்கம். பழக்கத்தை யாரும் பழகலாம். கேட்பவர்களும் ஒரு ஆளை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை வைத்துத்தான்.

சிவாஜி சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். மைக்கை நம்பாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர். அதனால் வயிறு நிரம்பக் காற்று வாங்கி, கடைசி எழுத்து வரை அதே பலத்தோடு கொண்டுபோய் நிறுத்துவார். ரஜினி அப்படியே எதிர்ப்பக்கம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டார், இரண்டு மூன்று சொற்களை ஒரே மூச்சில் உருட்டிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் நின்றுவிடுவார். ரகுவரனுக்கு வேறு வழி. பேசுவதற்கு முன்பே பாதிக் காற்றை வெளியே விட்டுவிட்டு, மிச்சம் இருப்பதில் பேச வேண்டும். அப்போதுதான் அந்த ஒட்டிய நெஞ்சிலிருந்து வருகிற மாதிரியான குரல் வரும். எம்.ஆர்.ராதாவுக்கு இரண்டு ஆள் வேண்டும். அடித்தொண்டையில் ஒருவர், உச்சியில் ஒருவர், நடுவில் ஏணியே கிடையாது, ஒரே தாவல்.

எம்.ஜி.ஆர். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்து வந்தவரின் பேச்சு மாறிவிட்டது. மிமிக்ரி செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பின்னால் வந்த குரலைத்தான் எடுப்பார்கள், நாக்கைத் தடிமனாக்கிக் குழறினால் கூட்டம் சிரித்துவிடும். நானும் அதைத்தான் செய்தேன். 1999-ல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. "எய்யா, மத்ததெல்லாம் நல்லாருந்துது. அந்த மனுசன் குண்டு பட்ட தொண்டைய வச்சிக்கிட்டு நமக்கு வெளங்கணுமேன்னு பாடுபட்டுப் பேசுனாரு. நீ அதக் கொழப்பிப் பேசுத" என்றார்.

அன்றைக்கு ராத்திரி வேனில் தூக்கம் வரவில்லை. மறுநாள் எம்.ஜி.ஆர். பேசிய கேசட்டை எடுத்துக் கேட்டேன். பெரியவர் சொன்னது அப்படியே சரி. அந்தக் குரலில் இருப்பது குழறல் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனிதர் எடுத்துக்கொள்ளும் சிரமம் அது. நாக்கைத் தடிமனாக்குவதை நிறுத்தினேன். ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்லப் பாடுபடுவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஊரில் சிரிப்புக்கு முன்னால் ஒரு விநாடி அமைதி வந்தது. பிறகு கைதட்டல். யாரைப் பேசினாலும் அந்த ஆள் அந்த நேரத்தில் என்ன செய்ய முயற்சி செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேசுகிறேன்.

நான் பயிற்சி எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பேச வேண்டிய ஆளின் பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வேன். சினிமா வசனத்தைவிடப் பேட்டிதான் நல்லது, அங்கேதான் அவர் இயல்பாக மூச்சு விடுவார். இரண்டு நிமிஷப் பேச்சைத் தாளில் எழுதி, மூச்சு வாங்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன். முதல் இரண்டு நாள் குரலை மாற்றாமல் என் சொந்தக் குரலிலேயே, கோடு போட்ட இடத்தில் மட்டும் மூச்சு வாங்கிப் படிப்பேன். மூன்றாம் நாள் குரல் தானாக அந்தப் பக்கம் சாயும். பிறகு அன்றைய செய்தித்தாளை எடுத்து, தக்காளி விலை, பஸ் விபத்து, எதுவாக இருந்தாலும் அந்தக் குரலில் படிக்க வேண்டும். பிரபலமான ஒரு வரி இல்லாமல், தக்காளி விலையைப் படித்தும் அவர்தான் என்று பக்கத்து அறையில் இருக்கிற என் மனைவிக்குத் தெரிந்தால் வாய்ஸ் வந்துவிட்டது. தெரியாவிட்டால் இன்னும் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பழகாதீர்கள். முகம் உங்களை ஏமாற்றும்.

1996-ல் ஒரு லைட் மியூசிக் குழுவில் சேர்ந்தேன். ஒரு நிகழ்ச்சிக்கு நூறு ரூபாய், சாப்பாடு. பாடகர்கள் டீ குடிக்கும்போதும், கீபோர்டில் ஏதாவது மக்கர் செய்யும்போதும் மேடையை நிரப்புவது என் வேலை. பத்து நிமிஷம் என்பார்கள். பாடகி வந்த கார் எங்காவது நின்றுபோனால் அது நாற்பது நிமிஷம் ஆகும். அந்தக் குழுவில் இருந்த எட்டு வருஷத்தில்தான் தொழில் படிந்தது.

மைக்கைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். மிமிக்ரிக்கு மைக் ஒரு வாத்தியம். அடிக்குரலுக்கு உதட்டோடு ஒட்டிப் பிடித்தால் தடிமன் கூடும். கத்துகிற குரலுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கிழியும். பழைய ரேடியோ மாதிரி கேட்க வேண்டுமென்றால் மைக்கின் தலையை உள்ளங்கையால் பாதி மூடிக்கொண்டு பேசினால் போதும். எல்லாவற்றுக்கும் மேல், நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் சவுண்ட் பார்க்கிற அண்ணனிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிவிட வேண்டும். பாட்டுக்கு வைத்த எக்கோவை அப்படியே விட்டால் மிமிக்ரி செத்துப்போகும். மூச்சும் இடைவெளியும்தான் நம் சரக்கு. எக்கோ அந்த இடைவெளியை மூடிவிடும். "அண்ணே, நான் ஏறும்போது எக்கோவ முழுசா எடுத்துருங்க" என்று சொல்லாமல் நான் இன்றுவரை மேடை ஏறியதில்லை.

கூட்டத்தின் வயதைப் பார்ப்பதும் அங்கேதான் பழகியது. கொடைக்கு முன்வரிசையில் பாட்டிகள் உட்கார்ந்திருந்தால் வி.கே.ராமசாமி, சுருளிராஜன். சுருளிராஜன் 1980-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் அந்தக் கிறீச்சென்ற குரலுக்கு 2000 வரை ஊர்ப்பக்கம் மவுசு குறையவே இல்லை. 2012-ல் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் அதே குரலை எடுத்தேன். ஐந்நூறு பேர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரென்றே தெரியாதவரை எப்படி ரசிக்க முடியும்? நாம் பேசுகிற குரலுக்கு ஆயுள் உண்டு, அது அந்த ஆளின் ஆயுளும் கிடையாது, நம் ஆயுளும் கிடையாது, கேட்பவர்களின் ஞாபகத்தின் ஆயுள். வருஷத்துக்கு இரண்டு புதுக் குரலாவது சேர்க்காவிட்டால் பத்து வருஷத்தில் கை வெறுங்கையாகிவிடும்.

அரசியல்வாதிகள் குரல் பற்றிப் பலர் கேட்பார்கள். 2011 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரலில். பங்குனிப் பொங்கலும் அதே சமயம். ஒரு ஊரில் கமிட்டிக்காரர் ஒருவர் கலைஞர் வாய்ஸ் கேட்டார், பேசினேன். அந்தக் கரகரப்புக்கும், நிறுத்தி நிறுத்திச் சொல்லும் அழகுக்கும் நல்ல கைதட்டல். உடனே இன்னொரு பக்கத்திலிருந்து நாற்காலி பறந்தது. கமிட்டியிலேயே இரண்டு கட்சி. எங்கள் தபேலாக்காரர் நெற்றியில் நான்கு தையல். அதிலிருந்து தேர்தல் சமயத்தில் எந்தத் தலைவர் குரலும் கிடையாது, மற்ற நாளில் ஒருவரைப் பேசினால் எதிர்த்தரப்பிலிருந்தும் ஒருவர் கட்டாயம் உண்டு, இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். யார் பேசினாலும், எத்தனை தாள் நீட்டினாலும் மேடையில் வைத்து மாற்றிக்கொள்வதில்லை.

டிவிக்கு வருகிறேன். எங்கள் தலைமுறைக்கு முன்னால் மிமிக்ரி என்றால் கேசட்தான். மயில்சாமி குரல் கொடுத்த நகைச்சுவை கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அதன் பிறகு விஜய் டிவியில் 'லொள்ளு சபா' வந்தது. 2005-ல் 'கலக்கப் போவது யாரு' ஆரம்பித்தபோது ஊர் ஊராக இருந்த மிமிக்ரிக்காரர்களுக்கு முதல் தடவையாக ஒரு வாசல் திறந்தது. முதல் சீசனில் ஜெயித்த கோவை குணா கவுண்டமணியைப் பேசியபோது, எங்கள் குழுவில் எல்லோரும் ஒரு டீக்கடை டிவி முன்னால் நின்று பார்த்தோம். திருச்சியிலிருந்து வந்த சிவகார்த்திகேயன் அதே மேடை வழியாகத்தான் சினிமாவுக்குப் போனார். வடிவேல் பாலாஜி, ரோபோ சங்கர் எல்லோரும் அந்த வாசல்தான்.

நானும் பிறகு ஒரு சேனலின் போட்டிக்குப் போனேன். எந்தச் சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும்.

காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். என் முறை வந்தது ராத்திரி ஒன்றரைக்கு. மேக்கப் போட்ட முகத்தோடு பதினாறு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்ததில் தொண்டை காய்ந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த ஜனங்கள் காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் களைத்திருந்தார்கள். ஏழு நிமிஷம் செய்தேன். ஒளிபரப்பில் வந்தது இரண்டரை நிமிஷம். எது போயிருந்தது என்று பார்த்தால், வசனம் ஒன்றும் போகவில்லை. இடைவெளிகள் போயிருந்தன. ரஜினி நிற்கிற அந்த ஒரு விநாடி, எம்.ஜி.ஆர். சொல் தேடுகிற அந்த ஒரு விநாடி, எல்லாவற்றையும் எடிட்டிங்கில் ஒட்ட வெட்டியிருந்தார்கள். வீட்டில் பார்த்த என் அம்மா, "ஏன்டா இப்படி அவதியாப் பேசுன?" என்று கேட்டாள். டிவிக்குப் போகிறவர்கள் இடைவெளியை வெறுமையாக விடாதீர்கள். ஒரு பார்வை, ஒரு கைச்சைகை, ஏதாவது ஒன்று அதில் இருந்தால் வெட்டுகிறவர் கை தயங்கும்.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. மேடையில் ஒரு ஐட்டத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டலாம், ஊர் மாறிக்கொண்டே இருக்கும். டிவியில் ஒரு தடவை வந்துவிட்டால் அது எல்லா ஊருக்கும் ஒரே ராத்திரியில் போய்விடுகிறது. பதினைந்து வருஷம் சேர்த்து வைத்த சரக்கு நான்கு எபிசோடில் தீர்ந்துபோனது. ஐந்தாவது எபிசோடில் வெளியேறினேன். திரும்பி ஊருக்கு வந்து மேடை ஏறினால், "அண்ணே, இது டிவில பாத்ததுதான், புதுசா போடுங்க" என்று குரல் வருகிறது. முகம் தெரிந்துவிட்டது, கையில் ஐட்டம் இல்லை. அந்த ஒரு வருஷம் மாதிரி கஷ்டம் நான் பட்டதில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியது மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில் பார்த்த மலையாள மிமிக்ஸ் குழு. கேரளத்தில் இதற்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. ஆபேல் அச்சன் என்ற பாதிரியார் 1969-ல் தொடங்கிய கொச்சி கலாபவன், 1981-ல் 'மிமிக்ஸ் பரேடு' என்று ஆறு பேரை ஒரே மேடையில் நிறுத்தியது. பின்னாளில் மலையாள சினிமா இயக்குநர்களான சித்திக், லால் இருவரும் அந்த ஆறு பேரில் இருந்தவர்கள்தான். ஜெயராம், கலாபவன் மணி எல்லோரும் அந்தப் பட்டறையில் வந்தவர்கள். தனியாக ஒருவர் நின்று குரல்களை வரிசையாக அடுக்குவதற்குப் பதிலாக, ஒரு கதை, அதற்குள் ஆட்கள், அந்த ஆட்களுக்குக் குரல்கள் என்று மாற்றிவிட்டார்கள்.

அன்றைக்கு மார்த்தாண்டத்தில் பார்த்த குழுவில் ஒருவர் நடிகர் ஒருவரின் குரலில் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்டு நின்றார். வசனம் ஒன்றுமே சினிமா வசனம் கிடையாது. வரிசையில் நிற்கிறவன் என்ன பேசுவானோ அதுதான். நான் மொழி பாதி புரிந்தும் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் இத்தனை வருஷமாகக் குரலைத் திரட்டியிருக்கிறேனே தவிர, அந்தக் குரலில் பேசுவதற்குச் சொந்தமாக எதையும் எழுதவில்லை என்பது அங்கே உறைத்தது. குரல் அவர்களுடையது, வசனம் வேறு யாரோ எழுதியது. அப்படியானால் மேடையில் என்னுடையது என்று என்ன இருந்தது?

நான்கு பேராகச் சேர்ந்து ஸ்கிட் எழுத ஆரம்பித்தோம். ரஜினி மாதிரி பேசும் கண்டக்டர், டி.ராஜேந்தர் மாதிரி அடுக்குமொழியில் கடன் வசூலிக்கும் மகளிர் குழு லோன்காரர், பாரதிராஜா மாதிரி அறிவிப்பு செய்யும் ரயில்வே ஸ்டேஷன். இவை ஓடின. டிவியில் வந்த குரல்தான், ஆனால் ஆட்கள் புதுசு. ஒரு வழி சொல்கிறேன்: குரலை முடிவு செய்துகொண்டு கதை எழுதாதீர்கள். முதலில் லோன்காரர் வருகிற காட்சியைச் சாதாரணமாக எழுதிச் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். குரல் இல்லாமலே சிரிப்பு வந்தால் பிறகு குரலை ஏற்றுங்கள்.

2014-ல் தொண்டை போனது. மூன்று மாதமாக உச்சிக்குரல் உடைந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்தால் காற்றுதான் வரும், சாயங்காலம் சரியாகும். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஸ்கிரீனில் காட்டினார். இரண்டு குரல்நாண்களும் உரசுகிற இடத்தில் எதிர் எதிரே இரண்டு சின்ன முடிச்சு, கைத்தொழில் செய்கிறவன் உள்ளங்கையில் காய்ப்பு இருப்பது மாதிரி. சாதாரணமாகப் பேசும்போதே ஆண் குரல்நாண்கள் விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதிக்கொள்கின்றன, கத்தினால் இன்னும் அதிகம், இன்னும் பலமாக என்றார். நான் பதினெட்டு வருஷமாக அதைச் செய்திருக்கிறேன்.

ஆபரேஷன் உடனே வேண்டாம் என்று குரல் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்டிடம் அனுப்பினார். அந்த அம்மா சொன்னதில் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது, கிசுகிசுவென்று பேசக் கூடாது என்பது. தொண்டை கட்டினால் நாம் எல்லோரும் அதைத்தான் செய்வோம். அது ஓய்வு கிடையாதாம், தொண்டையை இறுக்கித்தான் கிசுகிசுக்கிறோம். ஒன்று மெதுவாக இயல்பான குரலில் பேசு, அல்லது வாயை மூடு. தொண்டையைக் கனைக்கவும் கூடாது, ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்கு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நிகழ்ச்சி முடிந்து பரோட்டா சால்னா சாப்பிட்டு வேனில் படுத்துவிடுவோம், அந்தப் புளிப்பு மேலே ஏறி வந்து தொண்டையை அரிக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

பிறகு ஒரு ஸ்ட்ரா பயிற்சி. டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்படி 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே போக வேண்டும். ஐந்து நிமிஷம். நான்கு மாதத்தில் முடிச்சு கரைந்தது. அந்த ஸ்ட்ராவும் டம்ளரும் இன்றைக்கும் என் பையில் இருக்கின்றன. நிகழ்ச்சியில் வாய்ஸ் வரிசையையும் மாற்றிவிட்டேன். ராதா, டி.ராஜேந்தர் மாதிரித் தொண்டையை அரைக்கிற குரல்கள் கடைசியில், அதுவும் ஒரு ராத்திரிக்கு ஒன்றுதான்.

உடம்பைப் பற்றிப் பேசும்போது மனசு கனத்துவிடுகிறது. வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் போனார். 2023 பிப்ரவரியில் மயில்சாமி, அடுத்த மாதமே கோவை குணா. 2025 செப்டம்பரில் ரோபோ சங்கர், வயது 46. ஒவ்வொரு செய்தி வந்தபோதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் எழுத மாட்டார்கள், போன் செய்து அழுவார்கள். இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது, தை முதல் ஆடி வரை ஓட்டம், ஐப்பசி மழையில் வீட்டில் உட்காருவது. சீசனில் வரும் பணத்தில் முதல் செலவு மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியமாக இருக்கட்டும். அட்வான்ஸ் பாதி வராமல் வண்டி ஏறாதீர்கள். மிச்சத்தை மேடை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மேடை இறங்கிய பின் கமிட்டிக்காரரைத் தேடி நான் விடிய விடிய அலைந்த ஊர்கள் உண்டு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியது, குரல் யாருக்குச் சொந்தம் என்பது. ஆரம்பத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடை ஆட்டோ விளம்பரங்களுக்கு ரஜினி வாய்ஸில் நிறையப் பேசிக் கொடுத்திருக்கிறேன். ஒரு விளம்பரம் ஐந்நூறு ரூபாய். தப்பு என்றே தோன்றவில்லை. ஒரு படம் தன் பெயரையும் பாணியையும் எடுத்துக்கொண்டதாக ரஜினி போட்ட வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2023 ஜனவரியில் தன் பெயர், படம், குரல் எதையும் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுத்தார். மேடையில் ரசிகர்களைச் சிரிக்க வைப்பது வேறு, அவர் சொல்வது மாதிரி ஒரு கடைச் சேலையை விற்பது வேறு. இப்போது விளம்பரத்துக்கு அந்த நடிகரின் சம்மதக் கடிதம் இல்லாமல் பேசுவதில்லை. வருமானம் குறைந்தது உண்மைதான்.

டப்பிங் ஒன்று மறக்க முடியாதது. டப்பிங் முடிக்காமல் இறந்துபோன ஒரு நடிகருக்கு மூன்று காட்சி பேசக் கூப்பிட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடுதான். படப்பிடிப்பின்போதே பதிவான பைலட் டிராக்கில் அவர் மூச்சு எல்லாம் இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டுப் பேசினேன். அவர் மகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது காட்சியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "சார், அப்பா இந்த மாதிரி நீளமாப் பேசுனா நடுவுல லேசா செருமுவாரு" என்றார். சேர்த்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அதே வச்சிக்குங்க" என்றார்.

2024 தொடக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்துத்தான். அப்போதிலிருந்து "அண்ணே, இனி நம்ம தொழில் அவ்வளவுதானா?" என்று கேட்காத பையன் இல்லை. சாதாரண டப்பிங் வேலை குறையும் என்றுதான் நினைக்கிறேன், பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் கூட்டத்தின் வயதைப் பார்த்து, முன்வரிசைப் பாட்டி சிரித்து முடிக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு ஆள் வேண்டும். எழுதத் தெரிந்த மிமிக்ரிக்காரனுக்கு வேலை இருக்கும்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது பிரபலங்கள் யாரும் இல்லாத ஒரு ஐட்டம். தீப்பெட்டி ஆபீஸ். பன்னிரண்டு நிமிஷம். சுவரில் ரேடியோ, கணக்கப்பிள்ளை, முறுக்கு விற்க வரும் அண்ணாச்சி, நாற்பது பெண்கள். எங்கள் ஊரில் இப்போது பெரும்பாலும் மெஷின்தான், கட்டை அடுக்குகிற கொட்டகைகள் குறைந்துவிட்டன. பழைய கட்டை ஒன்றைத் தேடி வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். குச்சி விழும் சத்தத்தை நாக்கு நுனியாலும் மேல் பல்லாலும் பிடித்துவிட்டேன். கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். முறுக்கு அண்ணாச்சி வந்துவிட்டார். தலை நிமிராமல், கை நிற்காமல், தோள் குலுங்கச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு இன்னும் வரவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தினமும் சாயங்காலம் முயற்சி செய்கிறேன். "அது இல்லடா, நாங்க மூச்ச உள்ள இழுத்துக்கிட்டுல்ல சிரிப்போம்" என்று நேற்றுச் சொன்னாள்.